வளைகாப்புக்கு முன்னால்

நம் வீடுகளில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் நடக்கும் அமர்க்களத்தை நேயர்களுக்கு நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. மாமியார் அன்று முதல் அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடுவதில்லை. பிறந்த வீட்டிலிருந்து தாயார் பலகாரத் தூக்குடன் வந்து இறங்குகிறாள். மசக்கைக்காரி மாங்காய் கேட்டால் மாங்காய். புளியோதரை கேட்டால் புளியோதரை. ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ நல்ல நாள் பார்த்து வளைகாப்பு நடக்கிறது. கை நிறையக் கண்ணாடி வளையல், இலை நிறையச் சித்திரான்னம், வந்தவர் வாய் நிறைய ஆசீர்வாதம்! கர்ப்பிணியை நம்மைப் போல் போற்றுகிறவர்கள் உலகத்தில் வேறு யார் என்று நமக்குப் பெருமையாகக்கூட இருக்கிறது.

ஆனால் இந்தப் பெருமைக்கு நடுவே ஒரு கசப்பான கணக்கும் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நம் தேசம் முழுவதும் நடந்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், கர்ப்பிணிகள் நூறு பேருக்கு 52 பேர் இரத்த சோகை உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. வளையல் குலுங்கும் கைகளில் பாதிக்கு மேல் வெளுத்த கைகள் என்று அர்த்தம். இரத்தமில்லாத தாய்க்குப் பிரசவத்தில் சிறிது உதிரம் கூடுதலாகப் போனாலும் உயிருக்கே ஆபத்து. அவள் பெறும் குழந்தை எடை குறைந்து பிறக்கக் கூடும். நாள் நிரம்பாமலும் பிறக்கக் கூடும்.

அன்புக்குக் குறைவில்லை, செலவுக்கும் குறைவில்லை. பிறகு எங்கே பிசகு? பிசகு காலத்தில் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். கர்ப்பிணிக்கு வேண்டிய ஜீவசத்துக்களும் தாது உப்புக்களும் வளைகாப்புக்குப் பிறகு வேண்டியவை அல்ல. அதற்கு வெகு முன்னால் வேண்டியவை. அவற்றுள் ஒன்றோ, கர்ப்பம் உண்டாவதற்கு முன்பே அவள் உடம்பில் இருந்தாக வேண்டியது. அந்த ஒன்றின் சரித்திரம் நம் ஊருக்கும் மிக நெருங்கியது. ஆகையால் அதிலிருந்தே தொடங்குவோம்.

பம்பாயில் வந்த சந்தேகம்

1928-ஆம் வருஷம் லூஸி வில்ஸ் என்ற ஆங்கில மாது பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டனில் வைத்தியம் பயின்றவர், அப்போது அவருக்கு வயது நாற்பது. பம்பாயில் பிரசவ காலத்தில் ஸ்திரீகள் ஏராளமாக மாண்டு போவதன் காரணத்தை ஆராய ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் ஏற்பாடு நடந்தது. துணித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஏழைப் பெண்களிடையே ஒரு விசித்திரமான சோகை கண்டிருந்தது. கர்ப்பம் முதிர முதிர உடம்பு வெளுக்கும்; மூச்சு வாங்கும்; கால் வீங்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், உருவத்தில் பெருத்தும் காணப்படும். இரும்புச் சத்துக் குறைவினால் வரும் சாதாரண சோகையில் அணுக்கள் சிறுத்துப் போகும். இதுவோ நேர் விரோதம். ஆகவே இரும்பு கொடுத்துப் பயனில்லை என்பது புலப்பட்டது.

கிருமியாக இருக்குமோ என்று முதலில் தேடினார்கள். அகப்படவில்லை. லூஸி அம்மையார் அந்தப் பெண்களின் சாப்பாட்டைக் கவனித்தார். கீரை, காய், கனி, பால் முதலியவை மிகக் குறைவு என்று கண்டார். அதே மாதிரி ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை கண்டது. 'ஆஹா, கண்டுபிடித்துவிட்டோம்!' என்று மற்றவர்களானால் குதித்திருப்பார்கள். அம்மையார் குதிக்கவில்லை. நிதானமாகப் பரிசோதித்ததில், எலிகளின் உடம்பிலிருந்த பேன்கள் பரப்பிய வேறொரு நோயே அந்தச் சோகைக்குக் காரணம் என்று தெரிந்தது. 1929-ல் சில மாத காலம் நம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்திலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பின்னர் எலிகளை விட்டுக் குரங்குகளுக்கு அந்த ஆகாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்.

சாகும் தறுவாயில் இருந்த ஒரு குரங்குக்கு 'மார்மைட்' என்ற பண்டத்தைக் கொடுத்தபோதுதான் வழி திறந்தது. மார்மைட் உயர்ந்த மருந்து ஒன்றுமில்லை. பீர் வடிக்கும் சாலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யும் மலிவான பசை. ஆங்கிலேயர்கள் ரொட்டியில் தடவித் தின்பது. குரங்கு பிழைத்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ஆம் வருஷம் இந்தச் செய்தி ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஈஸ்டில் அடங்கியிருக்கும் அந்தப் பொருள் என்னவென்று யாருக்கும் தெரியாததால் 'வில்ஸின் சத்து' என்றே அதை அழைத்து வந்தார்கள்.

அதே 1931-ன் தொடக்கத்தில் அம்மையார் எங்கே வேலை செய்துகொண்டிருந்தார் தெரியுமா? சென்னைத் திருவல்லிக்கேணியில், கோஷா ஆஸ்பத்திரியில்! வெளி ஆடவர் முன் வராத பெண்களுக்கென்று 1885-ல் ஏற்பட்ட ஆஸ்பத்திரி அது. இன்று கஸ்தூரிபா காந்தி அம்மையின் பெயரைத் தாங்கி, தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்து வருகிறது. அந்த வழியாகப் போகும் நேயர்கள் இனி ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

திருவல்லிக்கேணியில் படித்த பிள்ளை

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஹிந்து ஹைஸ்கூல். லூஸி அம்மையார் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன், பீமவரத்தில் 1895-ல் பிறந்த ஓர் ஆந்திரப் பிள்ளை அங்கே படித்து, மூன்றாவது தடவையில் மெட்ரிகுலேஷன் தேறினான். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவன் பெயர். பிறகு சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தான். காந்தி மகானின் சொல்லைக் கேட்டுக் கதரில் அங்கி தைத்துச் சத்திர சிகிச்சை வகுப்புக்குப் போனான். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, நன்றாகப் படித்த பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்று நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவர் அவர். அந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற தாகத்துடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கர்ப்பிணியான மனைவியை விட்டுப் போனார். பிறந்த ஆண் குழந்தை சிசுப் பருவத்திலேயே இறந்தது. தகப்பன் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் தாய்நாடு திரும்பவும் இல்லை.

1941-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையைப் பிழிந்து அதிலிருந்து ஒரு சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு 'ஃபோலியம்' என்று பெயர். ஆகவே இலையில் அகப்பட்ட சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். நான்கு டன் கீரைக்கு இத்தனூண்டு மருந்து என்றால் எந்த ஏழைக்கு அது எட்டும்? 1945-ல் லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில், கீரையே இல்லாமல், ரசாயன முறையில் அதைச் செய்து காட்டினார்கள். அந்த ஆராய்ச்சிக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் நம் சுப்பாராவ். பம்பாய்ப் பெண்களைத் தேற்றிய வில்ஸின் சத்தும் இதுவே என்று தெளிவாயிற்று. நாடு சுதந்திரம் பெற்ற மறு வருஷம், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார்.

தன் குழந்தையின் முகம் காணாத ஒருவருடைய உழைப்பினால் இன்று உலகத்தில் எத்தனையோ தாய்மார் தங்கள் குழந்தைகளின் முகத்தைக் காண்கிறார்கள். இதை நினைக்கும்போது நமக்குப் பெருமையும் துக்கமும் சேர்ந்தே வருகின்றன.

இருபத்தெட்டு நாள்

சோகைக்கு மருந்து கிடைத்ததோடு கதை முடிந்துவிடவில்லை. சில குழந்தைகள் முதுகெலும்பு மூடாமல் திறந்தபடி பிறக்கின்றன. சில, மூளையே வளராமல் பிறந்து இறக்கின்றன. இப்படிப்பட்ட குழந்தை பிறந்தால் ஊர் என்ன சொல்லும்? கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றும், முன்வினை என்றும் தாயின் தலையிலேயே பழியைப் போடும். 1965-ல் இங்கிலாந்தில் ஸ்மிதல்ஸ், ஹிப்பர்ட் என்ற இரு டாக்டர்கள், ஊனமுற்ற குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் ஃபோலிக் சத்து சம்பந்தமான கோளாறு மிகுதியாய் இருக்கிறது என்று எழுதினார்கள். அது மெய்தானா என்று தீர்மானிக்க மேலும் இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

1991-ல் முடிந்த பெரும் பரிசோதனை அது. 7 தேசங்களில் 33 ஆஸ்பத்திரிகளில், முன்பு ஒரு முறை இத்தகைய குழந்தையைப் பெற்று, மீண்டும் தாயாக விரும்பிய 1,817 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு, கர்ப்பம் தரிக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. மருந்து சாப்பிட்டவர்களில் 6 பேருக்கும், சாப்பிடாதவர்களில் 21 பேருக்கும் மீண்டும் அதே கோளாறு நேர்ந்தது. மருந்தினால் நூற்றுக்கு 72 பங்கு ஆபத்து குறைந்தது என்று கணக்கிட்டார்கள். இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு பாதிப் பேருக்கு மருந்தை மறுப்பது தர்மமல்ல என்று, பரிசோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் இந்த மருந்து எப்போது உள்ளே போக வேண்டும்? அதுதான் முக்கியம். கருவில் மூளையும் முதுகுத் தண்டும் ஆவதற்கு அஸ்திவாரமான குழாய் ஒன்று உண்டு. அது கரு உண்டான நாளிலிருந்து 28 நாளைக்குள் மூடிக்கொண்டுவிடும். 28-வது நாள் என்பது, 'இந்த மாதம் இன்னும் வரவில்லையே' என்று அந்தப் பெண் விரல் விட்டு எண்ணத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய இரண்டாவது வாரம். டாக்டரிடம் போகலாமா, அம்மாவிடம் சொல்லலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேலை முடிந்து போய்விடுகிறது! ஏழாம் மாதம் நாம் வளையல் அடுக்கும்போது, அந்த அஸ்திவாரம் போட்டு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். வீட்டைக் கட்டி முடித்த பிறகு வாஸ்து பார்ப்பது போன்றது அல்லவா இது?

ஆகையால், தாயாக விரும்பும் ஒவ்வொரு பெண்ணும் கர்ப்பம் தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே, மூன்று மாதம் என்றால் இன்னும் நலம், தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தின் முதல் 12 வாரம் முடியும் வரை விடக் கூடாது. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் 400 கூறு, அவ்வளவுதான்! முன்பே இத்தகைய குழந்தை பிறந்திருந்தாலும், தாய்க்கு நீரிழிவு இருந்தாலும், காக்காய் வலிப்புக்கு மருந்து சாப்பிட்டு வந்தாலும், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அதை டாக்டர் தீர்மானிக்க வேண்டும்.

அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

"மாத்திரை எதற்கு? நம் கீரையில் இல்லாததா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். இருக்கிறது, சந்தேகமில்லை. முருங்கைக் கீரை, பசலைக் கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால் கீரையைப் பொடிப் பொடியாய் நறுக்கிய பின் கழுவி, நெடுநேரம் வேக வைத்து, வெந்த தண்ணீரையும் கொட்டிவிடுகிறோமே! ஃபோலிக் சத்து நீரில் கரைவது, சூட்டில் அழிவது. முதலில் கழுவிப் பிறகு நறுக்கி, சிறிது நீரில் மூடி வேக வைத்து, அந்த நீரையும் கூட்டில் சேர்த்தால் பெரும்பாகம் மிஞ்சும். அப்படியும் முதல் மாதங்களுக்கு மாத்திரையைக் கைவிடக் கூடாது. கீரை மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல.

அடுத்தது இரும்பு. ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் தாய்க்கும் சிசுவுக்குமாக ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு கூடுதலாக வேண்டியிருக்கிறது. ஒரு கிராம் என்றால் ஒரு சிறு ஆணியின் எடை. ஆனால் நம் சைவ ஆகாரத்திலிருந்து உடம்பு இரும்பை மிகவும் லோபித்தனமாகவே உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு டிகிரி காப்பி அருந்தினால் அந்தக் கொஞ்சமும் தடைப்படும். காப்பியை விடச் சொல்லிப் பகையைத் தேடிக்கொள்ள நாம் தயாராயில்லை. சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடச் சொல்கிறோம். நெல்லிக்காயோ, எலுமிச்சம் பழமோ, கொய்யாவோ சாப்பாட்டுடன் சேர்ந்தால் இரும்பு நன்றாய் உடம்பில் சேரும். கேழ்வரகு, எள், பயறுகள், கீரைகள் ஆகியவற்றில் இரும்பு உண்டு. மாமிசம் உண்பவர்களுக்கு அதிலுள்ள இரும்பு எளிதில் சேரும்.

இவை மட்டும் போதாதென்றுதான் சர்க்கார் 1970-ஆம் வருஷத்திலிருந்தே கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுத்து வருகிறார்கள். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று வீதம் 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். 60 மில்லிகிராம் இரும்பு உள்ள சிவப்பு மாத்திரை அது. பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு வாரம் ஒரு முறை நீல மாத்திரை கொடுப்பதும் இதே யோசனையினால்தான். தாயாகப் போகிறவளைப் பத்து வருஷம் முன்பிருந்தே தயார் செய்வது நல்ல ஏற்பாடு அல்லவா?

மாத்திரை வீட்டுக்கு வருகிறது; வாய்க்குள் போகிறதா என்பதே கேள்வி. "கறுப்பாய் மலம் போகிறது, ஏதோ கெடுதல்" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். இரும்பு சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயமில்லை. "குழந்தை கறுத்துப் பிறக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். குழந்தையின் நிறம் இரும்பினால் கறுப்பதுமில்லை, குங்குமப்பூவினால் சிவப்பதுமில்லை. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் படுக்கும் முன் சாப்பிடலாம். சாம்பல், மண், அரிசி, கரி முதலியவற்றைத் தின்னும் ஆசை வந்தால் அதை மசக்கை விளையாட்டு என்று சிரித்து விட்டுவிடக் கூடாது. இரத்தத்தில் இரும்பு குறைந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7-க்கும் குறைந்தால் வீட்டு வைத்தியம் பேசிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

சுண்ணாம்புச் சத்து சிசுவின் எலும்புக்கு வேண்டும். பால், தயிர், கேழ்வரகு, எள் இவற்றில் உண்டு. நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இதற்கும் மாத்திரை தருகிறார்கள். ஆனால் சுண்ணாம்பு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அயோடின் கிடைக்காத சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும். அதற்கு வழி மிகச் சுலபம்: அயோடின் சேர்ந்த உப்பை வாங்கி, மூடிய பாத்திரத்தில் வைத்துப் பழகுவதே போதும்.

சுத்த சைவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. பி-12 என்ற ஜீவசத்து கீரையிலும் பருப்பிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், மாமிசம் இவற்றில்தான் உண்டு. மோரைக்கூட நீர் மோராக்கிக் குடிக்கும் பெண்களுக்கு இது குறையக் கூடும். பி-12 குறைவை ஃபோலிக் அமிலம் வெளியே தெரியாமல் மறைத்துவிடும். ஆகையால் இரத்தப் பரிசோதனையின்போது அதையும் டாக்டரிடம் கேட்டு அறிவது நல்லது.

இவ்வளவும் படித்துவிட்டு, கடையிலுள்ள சத்து மாத்திரைகளை எல்லாம் வாங்கி அடுக்கிவிடப் போகிறார்களே என்றும் நமக்கு அச்சம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஏ வைட்டமின் மாத்திரை மிதமிஞ்சினால் சிசுவுக்கு ஊனமே உண்டாகும். டாக்டர் சொல்லாத மாத்திரையைக் கர்ப்பிணி தொடக் கூடாது.

கடைசிப் பந்தி

இத்தனைக்கும் மேலே ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நம் வீடுகளில் முதல் பந்தியில் ஆண்கள். இரண்டாம் பந்தியில் குழந்தைகள். அதற்குப் பிறகு மாமியார். எல்லோரும் கை கழுவிய பின் மருமகள். கீரைச் சட்டியில் அப்போது மிஞ்சியிருப்பது என்ன? அடியில் ஒட்டிய பருக்கையும், ரசத்தின் மண்டியும். கர்ப்பம் என்று தெரிந்த மறுநாளே அவளுக்குப் பலகாரம் வருகிறது, மெய்தான். ஆனால் அதற்கு முன் ஆண்டுக் கணக்கில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவள் உடம்பில் எந்தச் சேமிப்பு இருக்கும்? இருப்பில் ஒன்றுமில்லாத பெட்டியிலிருந்து சிசு எதை எடுத்துக்கொள்ளும்? தாயின் எலும்பையும் இரத்தத்தையும்தான் எடுத்துக்கொள்ளும்.

பம்பாய்த் தொழிலாளிப் பெண்கள் வறுமையினால் சோகைப்பட்டார்கள். வறுமை இல்லாத வீடுகளிலும் மருமகள் வெளுத்திருந்தால் அதற்கு நாம் வேறு என்ன சமாதானம் சொல்லப் போகிறோம்?

மணமாகி வந்த பெண்ணை முதல் நாளிலிருந்தே எல்லோருடனும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். குழந்தை வேண்டும் என்று தம்பதிகள் தீர்மானிக்கும்போதே டாக்டரைப் பார்த்து, இரத்தம் பார்த்து, அந்தச் சின்ன மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல வேண்டியவர் மாமியாரோ தாயாரோ மட்டுமல்ல, கணவனும்தான். இவ்வளவும் செய்த வீட்டில், ஏழாம் மாதம் நம்மையும் வளைகாப்புக்கு அழைத்தால் சந்தோஷமாக வந்து ஆசீர்வாதம் செய்யக் காத்திருக்கிறோம். சித்திரான்னத்துடன் இலையில் ஓரமாய்க் கொஞ்சம் முருங்கைக் கீரையும் இருந்தால் இன்னும் விசேஷம்!